பழைய டாஸ் கணக்கைப் புதிய கம்ப்யூட்டரில் திறப்பது எப்படி?



நம்மில் பலருடைய கடைகளில் பரண் மீதோ, கிட்டங்கி மூலையிலோ கோணிச் சாக்கு போட்டு மூடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். 1990-களில் சந்தனம், குங்குமம் வைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்த பெட்டி அது. அதில் ஓடிய கணக்குப் புரோகிராம் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன் ஒருவர் பாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிக் கொடுத்ததாக இருக்கும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. புரோகிராமை ஏற்றிய பிளாப்பிகள் இன்று இல்லை. எழுதிக் கொடுத்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் தெரியாது. பெட்டியோ ஓடவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு கணக்கு திடீரென்று தேவைப்படுகிறது. என்ன செய்வது?

எங்கள் கடையில் இந்த நிலை 2019 தை மாதம் வந்தது. எங்கள் தகப்பனார் காலத்தில் கடையில் சரக்கு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். "சின்ன முதலாளி, பெரியவர் என் சம்பளத்தில் மாதா மாதம் இருநூறு ரூபாய் பிடித்து வைத்திருந்தார். நின்றபோது ஏழாயிரம் பாக்கி. இருக்கட்டும் என்று விட்டுப் போனேன். இப்போது கண் ஆபரேஷனுக்கு வேண்டும்" என்றார். எங்கள் தகப்பனார் 2017-இல் காலமாகிவிட்டார். எனக்குப் பெரியவர் சொல்லில் சந்தேகமில்லை. ஆனால் தம்பிமார் இருவரும் பாகம் பிரித்துப் போயிருந்தார்கள். "எழுத்து இருந்தால் மூன்றாகப் பிரித்துப் போட்டுக் கொடுப்போம் அண்ணே. வாய்க்கணக்கை எப்படி ஏற்பது? நாளைக்கு நாலு பேர் வருவார்கள்" என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

எழுத்து எங்கே? பேரேடுகளையெல்லாம், 'இனி எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது' என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டோம். 2000-ஆம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்று எல்லோரும் பயந்த சமயத்தில், 1999 ஏப்ரல் முதல் தேதி விண்டோஸ் புரோகிராமுக்கு மாறினோம். அப்போது பற்றுவரவுக்காரர் பாக்கியும் சரக்கு இருப்பும் மட்டும் புதிய புரோகிராமில் ஏறின. ஆட்கள் பெயரில் இருந்த பிடித்தக் கணக்கு ஏறவில்லை. ஆகவே பெரியவருடைய ஏழாயிரம், 1994-இல் வாங்கிய 486 பெட்டிக்குள் மட்டுமே இருந்தது.

பெட்டியைப் போட்டால் 'ஹார்ட் டிஸ்க் இல்லை' என்றது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். டிஸ்க் போய்விட்டது, நன்றாக இருந்தாலும் புரோகிராமின் பிளாப்பி இல்லாமல் வேறு கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது, எடைக்குப் போடுங்கள் என்றார். அவர் சொன்ன இரண்டுமே தவறு. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் டிஸ்க் சங்கதி. 286, 386, 486 வகைப் பெட்டிகளில், எந்த அளவு ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறது என்ற விவரத்தை ஒரு சிறு பேட்டரியின் பலத்தில்தான் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் விவரம் மறந்துபோகும், டிஸ்க் இல்லை என்று சொல்லும். டிஸ்க்கும் கணக்கும் அப்படியே இருக்கும். அந்தக் காலப் பேட்டரிகளில் சில ஒழுகி, பலகையில் பச்சை பூத்து, பெட்டியையே அரித்துவிடும். அப்போதும் டிஸ்க் தனிப் பொருள்தான். கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம்.

மாட்டுவதற்கு, ஐ.டி.இ. டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் கருவி கிடைக்கிறது. ஆனால் மிகப் பழைய டிஸ்க்குகள் சில இந்தக் கருவியோடு பேசாது. எங்களுடைய 420 எம்.பி. டிஸ்க்கும் பேசவில்லை. உடனே டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பாலிடெக்னிக்கில் படித்த என் மருமகன், ஒரு நண்பர் கடையில் சும்மா கிடந்த பென்டியம்-4 கம்ப்யூட்டரில் ஐ.டி.இ. பட்டைக் கேபிளிலேயே நேராக மாட்டினார். தெரிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய டிஸ்க்கை மாட்டியவுடன், 'இதை ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்கக்கூடும். எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். ஆம் என்று தட்டினால் பேரேட்டை அடுப்பில் வைத்த மாதிரி.

டிஸ்க் உள்ளே போனதும் கணக்கு இருக்கும் ஒரு ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மொத்த டிஸ்க்கையும் எடுங்கள். அன்றைய டிஸ்க் முழுவதும் சேர்ந்தாலும் இன்றைய பென் டிரைவில் ஒரு மூலைக்குக் காணாது. டிஸ்க் காலியாகத் தெரிந்து, டி.ஆர்.வி.ஸ்பேஸ் அல்லது டி.பி.எல்.ஸ்பேஸ் என்ற பெயரில் பெரிய கோப்பு ஒன்று மட்டும் மறைந்து நின்றால் அதையும் விடக் கூடாது. 1993, 1994 வாக்கில் இடம் போதாமல் டிஸ்க்கை அமுக்கி வைத்தவர்களின் கணக்கு முழுவதும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கும். அதைப் பிரிக்க அந்தக் காலத்து டாஸ் 6 வகை உதவும். வைரஸ் பிடிக்கும் புரோகிராம் ஏதாவது ஒரு கோப்பைச் சந்தேகித்தாலும், நகல் எடுத்து முடிக்கும் வரை அழிக்க விடாதீர்கள்.

இனி பிளாப்பி சங்கதி. விண்டோஸ் புரோகிராம்கள் பத்து இடத்தில் வேர்விட்டுப் படுத்திருக்கும். ஆகவே அவற்றை முறையாக ஏற்றத்தான் வேண்டும். டாஸ் புரோகிராம் அப்படியல்ல. பிளாப்பியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கில் இறக்கியதோடு பிளாப்பியின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஃபோல்டரை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்தால் ஓடும். அரிசி மூட்டையை ஒரு கிட்டங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு, அது வந்த லாரி எதற்கு?

விதிவிலக்கு இரண்டு உண்டு. சில புரோகிராம்கள் திறக்கும்போதெல்லாம் ஒரு சாவி பிளாப்பியைக் கேட்கும். சிலவற்றுக்கு, பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் பூட்டு என்று ஒரு சிறு கட்டை மாட்டியிருக்கும். இவை இல்லாமல் புரோகிராம் திறக்காது. விற்ற நிறுவனம் இன்றும் இருந்தால் அவர்களைத்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால், புரோகிராமை விட்டுக் கணக்கை மட்டும் எடுக்கும் வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய புரோகிராமுக்குப் பாதுகாப்பு நகல் எடுப்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அடுத்தவர் கடைப் புரோகிராமை நகலெடுத்து ஓட்டுவது வேறு விஷயம்.

சரி, ஃபோல்டர் புதிய லேப்டாப்புக்கு வந்துவிட்டது. புரோகிராமின் மீது இரண்டு தட்டுத் தட்டினால், 'இது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது' என்று வரும். எங்களுக்கும் வந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, காரணம் எளியது. முன்பெல்லாம் 32 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் ஓடியதற்கு, பழைய 8086 சில்லு போல் நடிக்கும் ஒரு முறை புதிய சில்லுகளுக்குள்ளும் இருந்தது துணை செய்தது. சில்லு 64 பிட்டில் ஓடும்போது அந்த முறை கிடையாது. ஆகவே 64 பிட் விண்டோஸ் எதிலும் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் வகையும் இருந்தது. விண்டோஸ் 11-க்கு 64 பிட் மட்டுமே. கிலோ தராசு மட்டும் வைத்திருக்கும் கடையில் வந்து உழக்கு எண்ணெய் கேட்பது போன்ற நிலை இது.

அப்படியானால் கடைக்குள் ஓர் உழக்கை வாங்கி வைத்துவிட வேண்டியதுதான். டாஸ்பாக்ஸ் என்ற இலவசப் புரோகிராம் அந்த வேலையைச் செய்கிறது. 2002-ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. பழைய கம்ப்யூட்டர் முழுவதையும், அதாவது சில்லு, திரை, விசைப்பலகை எல்லாவற்றையும், புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜன்னலில் நடித்துக் காட்டும். பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காகச் செய்தது. ஆனாலும் நம் கணக்கைத் திறந்து பார்க்கப் போதும். அதன் வழிவந்த டாஸ்பாக்ஸ் எக்ஸ், வியாபாரப் புரோகிராம்களுக்கென்றே செய்த விடாஸ் ஆகியவற்றில் பிரிண்ட் எடுக்கும் வசதியும் உண்டு.

வழக்கமாகத் தவறு நேரும் இடம் இனிதான் வருகிறது, கவனமாகப் படிக்கவும். பழைய புரோகிராம் எழுதியவர்கள், கணக்கு சி டிரைவில் இன்ன ஃபோல்டரில்தான் இருக்கும் என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுவார்கள். அந்த முகவரி மாறினால் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும். ஆகவே புதிய கம்ப்யூட்டரின் டி டிரைவில் ஒரு வெறும் ஃபோல்டர் திறந்து, எட்டு ஆங்கில எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் பெயர் வைத்து, பழைய சி டிரைவில் இருந்ததையெல்லாம் இருந்த அமைப்பிலேயே அதற்குள் போட வேண்டும். பிறகு டாஸ்பாக்ஸில் மவுண்ட் என்று அடித்து, இடம் விட்டு சி எழுத்து, மறுபடி இடம் விட்டு அந்த ஃபோல்டரின் முழு முகவரி. இப்போது டாஸ்பாக்ஸ் அந்த ஃபோல்டரையே சி டிரைவ் என்று நம்பும். சி எழுத்தும் முக்காற்புள்ளியும் அடித்து உள்ளே போய், பழையபடி சி.டி. கட்டளையால் கணக்கு ஃபோல்டருக்குப் போய்ப் புரோகிராம் பெயரை அடிக்கலாம். புரோகிராம் தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொள்ளும்.

எங்களுக்கு அப்படியும் முதல் தடவை திறக்கவில்லை. ஏதோ ஒரு கோப்பு இல்லை என்றது. ஆட்டோஎக்ஸிக் என்று ஒரு சிறு கோப்பு டிஸ்க்கின் வாசலிலேயே இருக்கும். பெட்டி எழுந்தவுடன் எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியல் அதில் எழுதியிருக்கும். அதைத் திறந்து பார்த்தார் மருமகன். பாக்ஸ்புரோவுக்கு வேண்டிய, இ.எஸ்.எல். என்று முடியும் கோப்பு வேறொரு ஃபோல்டரில் இருப்பது தெரிந்தது. அந்தப் பட்டியல் வரியை டாஸ்பாக்ஸிலும் அப்படியே அடித்தார். திரையில் எங்கள் தகப்பனார் வைத்த கடைப் பெயர் வந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மொத்த டிஸ்க்கையும் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். கணக்கு ஃபோல்டரை மட்டும் எடுத்திருந்தால் அங்கேயே நின்றிருப்போம்.

வேறு சில தகராறுகளும் வரலாம். டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்கள் சில, திறந்தவுடன் 'ரன்டைம் எர்ரர் 200' என்று சொல்லிச் செத்துவிடும். வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டரின் வேகம் தாங்காமல் வரும் கோளாறு. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு எஃப்-11 விசையைப் பல முறை தட்டினால் வேகம் குறையும். பெயர்கள் தமிழில் இருந்து இப்போது கிறுக்கலாகத் தெரிந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் ஜிஸ்ட் அட்டை மாட்டியிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சி-டாக் நிறுவனத்தின் அந்த அட்டை இல்லாமல் தமிழ் எழுத்து திரையில் வராது. ஆனால் எழுத்துகளின் எண்கள் கோப்பில் பத்திரமாக இருக்கும், விவரம் தெரிந்தவர் மாற்றித் தருவார். இண்டெக்ஸ் கெட்டிருக்கிறது என்று சொன்னால், புரோகிராமிலேயே இருக்கும் 'ரீஇண்டெக்ஸ்' என்ற வேலையை, மூல நகலில் அல்லாமல் இன்னொரு நகலில் ஓட்டிப் பாருங்கள்.

பெரியவர் கணக்குக்கு வருவோம். 1994 ஏப்ரல் முதல் 1999 மார்ச் வரை அறுபது மாதம், மாதம் 200 ரூபாய் வீதம் 12,000 வரவு. 1997 ஆவணியில் மகள் கல்யாணத்துக்கு 5,000 பற்று. நிகர பாக்கி 7,000. அவர் வாயால் சொன்ன தொகைக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி வரியில் குறிப்பு என்ற இடத்தில் ஓர் அடையாளம் இருந்தது. அதைத் திறந்தால், ஆங்கில எழுத்தில் தமிழாக, எங்கள் தகப்பனார் சொல்லச் சொல்ல அன்றைய கம்ப்யூட்டர் பிள்ளை தட்டியது: நின்ற தேதியிலிருந்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி சேர்த்துக் கொடுக்கவும். பெரியவர் வட்டி என்று வாயே திறக்கவில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. மாதம் 70 ரூபாய், 2019 மார்ச் வரை 240 மாதம், ஆக 16,800. அசலோடு 23,800. தம்பிமாரிடம் திரையைக் காட்டினேன். சின்னத் தம்பி, "அப்பா எழுத்துதான் அண்ணே" என்றான். மூவரும் போட்டுக் கொடுத்தோம்.

அந்தக் குறிப்பு எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாக்ஸ்புரோ, கிளிப்பர் புரோகிராம்களில் கணக்கு வரிகள் டி.பி.எஃப். என்று முடியும் கோப்பில் இருக்கும். நீளமான குறிப்புகள் அதில் இருக்காது. பாக்ஸ்புரோவில் அதே பெயருள்ள எஃப்.பி.டி. கோப்பிலும், கிளிப்பரில் டி.பி.டி. கோப்பிலும் இருக்கும். டி.பி.எஃப். கோப்பு மட்டும் போதும் என்று எடுத்தவருக்குத் தொகை கிடைக்கும், குறிப்பு கிடைக்காது.

முன்பு சொல்வதாகச் சொன்ன வழி இது: புரோகிராம் எந்த வகையிலும் ஓடாவிட்டாலும், பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தாலும், டி.பி.எஃப். கோப்பின் நகலை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவசப் புரோகிராமிலோ எக்செலிலோ திறக்கலாம். கட்டம் கட்டமாக வரிகள் வந்துவிடும். அழகாக இருக்காது. கட்சிக்காரர் பெயர் ஒரு கோப்பிலும், அவருடைய வரவு செலவு இன்னொரு கோப்பிலும், இரண்டையும் சேர்க்க ஒரு நம்பருமாக இருக்கும். பொறுமையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் கணக்கை நாமே பார்ப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. திறந்து பார்த்துவிட்டு அதே பெயரில் 'சேவ்' செய்துவிடாதீர்கள். பழைய அமைப்பு மாறிப்போனால் புரோகிராம் பிறகு ஏற்காது.

பிரிண்ட் எடுக்க நேர்ந்தால், பழைய புரோகிராம் எல்.பி.டி.-1 என்ற வாசலில் டாட் மாட்ரிக்ஸ் பிரிண்டரைத் தேடும். டாஸ்பாக்ஸ் எக்ஸில் அந்த வாசலை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடலாம். கோப்பில் நடு நடுவே புரியாத குறிகள் வரும். அவை எப்சன் வகைப் பிரிண்டருக்கு எழுத்தைப் பெரிதாக்கு, சுருக்கு என்று சொல்லும் கட்டளைகள், அழித்துவிடலாம்.

இத்தனை வசதி இருக்கிறதே, பழைய புரோகிராமிலேயே இன்றைய பில்லையும் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதன் வேகமும், மவுஸ் தேடாமல் விரல் ஓடும் சுகமும் எனக்கும் தெரியும். ஆனால் வேண்டாம். 2017 ஜூலை முதல் தேதி வந்த ஜி.எஸ்.டி. அதற்குத் தெரியாது. அதைவிட முக்கியம் தேதி. இந்தப் புரோகிராம்கள் பலவற்றில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் அடிப்போம். 25 என்று அடித்தால் 1925 என்று எழுதிக்கொள்ளும். திரையில் 25 என்றே தெரிவதால் உங்களுக்குச் சந்தேகம் வராது. பாக்கி வரிசை மட்டும் தலைகீழாகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைத் திறப்பதையும் டாஸ்பாக்ஸை நம்பிச் செய்ய முடியாது. பார்க்கவும், எடுக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது தேதி கேட்டால், கணக்கு முடிந்த பழைய தேதியையே கொடுங்கள். இன்றைய தேதி கொடுத்தால் ஆண்டு முடிவு போட்டுவிடும் புரோகிராம்களும் உண்டு.

சட்டப்படி எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று கேட்டால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. வழக்கு, மேல்முறையீடு இருந்தால் அதிகம். எங்கள் பெரியவரின் ஏழாயிரம் எந்தச் சட்டக் கணக்கிலும் வராத பழைய பாக்கி. கைமாற்று, ஆட்கள் பிடித்தம், கோவில் நிதி, மகமை போன்றவை எல்லாம் இப்படி ஒரு மூலையில் கிடப்பவைதான்.

ஆயுத பூஜைக்குக் கடை கழுவும்போதுதான் இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போகின்றன. நகல் எடுக்க இப்போது நேரமில்லை என்றால், பெட்டியைப் போடுமுன் ஹார்ட் டிஸ்க்கை மட்டுமாவது கழற்றி, காகிதத்தில் சுற்றி, மேலே கடைப் பெயரும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கணக்கு என்பதும் எழுதி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். காந்தம் வைத்த ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.